புறாத்தீவுக் கடலில் அஞ்ச வேண்டியது எதற்கு?

பாடசாலை விடுமுறைக் காலம் வந்துவிட்டால் திருகோணமலையை நோக்கிப் புறப்படும் வாகனங்களுக்குக் குறைவிருப்பதில்லை. கோணேசர் ஆலயம், கன்னியா வெந்நீரூற்று என நீளும் பயணத் திட்டத்தில் அண்மைக் காலமாகத் தவறாது இடம்பெறுவது, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ மீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவாகும். புறாமலை என்றும் மக்கள் இதனை அழைப்பர். பாறைகளில் கூடுகட்டி வாழ்ந்த மாடப்புறாக்களால் இப்பெயர் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்ட இத்தீவு, 1963 ஆம் ஆண்டு சரணாலயமாகவும் 2003 ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2009 ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்ற பின்னர் நாட்டின் சகல பாகங்களிலிருந்தும் மக்கள் இங்கு வரத் தொடங்கினர். கண்ணாடியை முகத்தில் பொருத்தி, சுவாசக் குழாயை வாயில் கவ்வியவாறு நீர்மட்டத்தில் மிதந்து, கீழேயுள்ள முருகைக்கற்களையும் வண்ண மீன்களையும் பார்ப்பதே இங்கு வருவோரின் பிரதான நோக்கமாகும்.

படகில் ஏறியதும் அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் படகோட்டியிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. அங்கே சுறா இருக்கிறதாமே என்பதே அது. படகோட்டிகளும் இருக்கிறது என்றே விடையளிப்பர். அது உண்மையுங்கூட.

நாம் அங்கு சென்றிருந்த ஒரு நாளில், காத்தான்குடியிலிருந்து வந்திருந்த குடும்பம் ஒன்று முழங்காலளவு நீரில் நின்றுகொண்டிருந்தது. திடீரென ஒரு சிறுவன் "வாப்பா, சுறா!" என அலறினான். அடுத்த கணத்தில் அப்பகுதி நீரில் ஒருவர்கூட இருக்கவில்லை. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினர். ஒருவரது பாதம் முருகைக்கல்லில் வெட்டுண்டு இரத்தம் கசிந்தது. "பயப்படாதீங்க நானா, அது நம்மளக் கண்டா ஓடிரும்" என்று படகோட்டி கூறியதை எவரும் செவிமடுத்ததாகத் தெரியவில்லை. சுமார் ஒரு முழ நீளமேயிருந்த அந்தக் குட்டிச் சுறா, மனிதர்கள் கரையேறுவதற்கு முன்னரே மறைந்துவிட்டது.

அரை மணி நேரத்தின் பின்னர் அதே குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிர்காப்பு அங்கியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுத் தீவின் மறுபுறமாக நீந்திச் சென்றார். அவர் வெகுதூரம் சென்றுவிட்டதை உறவினர் கவனிக்கவில்லை. கவனித்தவர் படகோட்டியே. இயந்திரத்தை முடுக்கிச் சென்று அவரைப் பற்றி இழுத்துப் படகில் ஏற்றியபோது அந்த இளைஞரால் பேச முடியவில்லை. ஒரு தடவையேனும் அவர் உதவி கேட்டுக் கத்தவில்லை. சுறாவைக் கண்டு எழுந்த ஆரவாரத்தையும் ஓர் உயிர் நழுவவிருந்தபோது நிலவிய அமைதியையும் ஒருசேரக் கண்ட அனுபவமே இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது.

முதலில் அந்தச் சுறாவைப் பற்றிக் கூறவேண்டும். புறாத்தீவைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் காணப்படுவது, செட்டைகளின் நுனி கறுப்பு மை தோய்த்தது போன்றிருக்கும் முருகைப்பாறைச் சுறா இனமாகும். கருநுனிச் சுறா என இதனைக் குறிப்பிடலாம். முழு வளர்ச்சியடைந்தாலும் பொதுவாக ஒன்றரை மீற்றரைச் சிறிதளவே தாண்டும். முட்டையிடாது குட்டி ஈனும் இவ்வினம் ஒரு தடவைக்கு இரண்டு முதல் ஐந்து வரையான குட்டிகளையே ஈனுகிறது. பெரிய சுறாக்களுக்கு இரையாகாமல் தப்பும் பொருட்டே குட்டிகள் கரையோரத்தின் ஆழமற்ற நீரில் வாழ்கின்றன. நாம் எமது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எந்த நீரைத் தெரிவு செய்கின்றோமோ, அதையே அவையும் தெரிவு செய்கின்றன எனலாம். இவற்றின் உணவு சிறு மீன்களும் கணவாய் போன்றவையுமேயாகும். கலங்கிய நீரில் நடப்போரின் கால்களை மீனெனக் கருதி இவை கடித்த சம்பவங்கள் உலகில் ஒரு சில உள்ளன. உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை.

சுறா பற்றிய அச்சம் எமக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவர் ஒருவர் முன்னிலையில் இல்லாவிடின் குளிகாரர் கடலில் இறங்க மறுத்தனர். இவரைக் கடல்கட்டி என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு முத்துகளில் இருபதில் ஒரு பங்கு வழங்கப்பட்டதாகக் குறிப்பிடுகின்றார். ஆங்கிலேய அரசும் இவ்வழக்கத்தை அகற்றத் துணியவில்லை. 1845 முதல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக விளங்கிய எமர்சன் டெனன்ட், அக்காலக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்றும், மந்திரத்தின் வலிமைக்கு அவரது சமயம் ஒரு பொருட்டாகக் கருதப்படவில்லை என்றும் எழுதியுள்ளார். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே படகிலிருந்து ஒரே கயிற்றைப் பற்றி மூழ்கிய கடலில் இத்தகைய பொதுநம்பிக்கை நிலவியது வியப்புக்குரியதன்று.

டெனன்ட் மேலும் ஒன்றைக் கூறுகின்றார். ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கியது முதல் அதுவரை நடந்த முத்துக்குளிப்புகள் யாவற்றிலும் சுறாவால் நேர்ந்ததாக உறுதிப்படுத்தப்பட்ட விபத்து ஒன்றுக்கு மேல் இல்லையாம். நூற்றுக்கணக்கான படகுகளும் ஓயாது விழும் மூழ்கு கற்களும் ஆட்களின் கூச்சலும் சுறாக்களை விரட்டியிருக்க வேண்டும் என்பது அவரது ஊகம். மந்திரத்தால் கிடைத்ததெனக் கருதப்பட்ட பாதுகாப்பைச் சுறாவின் அச்சமே வழங்கியிருக்கக்கூடும்.

அக்காலக் கதைகள் கிராமங்களோடு நின்றன. இன்றைய அச்சமோ திரைப்படத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. பீற்றர் பெஞ்ச்லி 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலை அடிப்படையாகக் கொண்டு ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1975 ஆம் ஆண்டு இயக்கிய 'ஜோஸ்' திரைப்படத்தைப் பார்க்காதவர்கள்கூட, நீரைக் கிழித்துவரும் முக்கோணச் செட்டையை அறிவர். நாவலாசிரியர் பெஞ்ச்லி பின்னாளில் தமது கதையையிட்டு மனம் வருந்திச் சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பாடுபட்டார். ஸ்பீல்பேர்க்கும் 2022 ஆம் ஆண்டு இவ்விடயத்தில் தமது வருத்தத்தை வெளியிட்டார். ஆயினும் படம் ஏற்படுத்திய எண்ணத்தை அவர்களது வருத்தத்தால் மாற்ற இயலவில்லை.

சுறாக் கடிகளைப் பதிவு செய்துவரும் புளோரிடா பல்கலைக்கழக நூதனசாலையின் கணக்குப்படி, 2024 ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் மனிதரின் தூண்டுதலின்றி நிகழ்ந்த சுறாக் கடிகள் 47 ஆகும். அவற்றுள் நால்வர் உயிரிழந்தனர். நீரில் மூழ்கி இறப்போரின் தொகையோ, உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம். இவ்விரு எண்களையும் அருகருகே வைப்பது முற்றிலும் நியாயமான ஒப்பீடு அன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம். குளத்திலும் கிணற்றிலும் வெள்ளத்திலும் இறப்போரும் அத்தொகையில் அடங்குவர். எனினும் கடலில் இறங்கும் ஒருவர் எதையிட்டு அதிகம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும் என்பதற்கு வேறு கணக்குத் தேவையில்லை. எமது நாட்டிலும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி மடிகின்றனர். விடுமுறைக்குச் சென்ற இளைஞர்கள் சடலமாக வீடு திரும்பும் செய்திகளை நாம் எத்தனை தடவை வாசித்திருக்கின்றோம்!

மூழ்குபவர் திரைப்படங்களில் காட்டப்படுவது போன்று கையசைத்துக் கத்துவதில்லை. மூச்செடுப்பதற்கே வாய் போதாதிருக்கும் நிலையில் குரலெழுப்புவது எங்ஙனம்? கைகள் தாமாகவே நீரைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். தலை பின்சாய்ந்து வாய் நீர்மட்டத்துடன் சமமாக நிற்கும். பார்ப்பவருக்கு அவர் சும்மா நிற்பதாகவே தோன்றும். சுவாசக் குழாயுடன் குப்புற மிதப்பவரது நிலை இன்னும் ஆபத்தானது. அவர் மீன் பார்க்கின்றாரா, உணர்விழந்து கிடக்கின்றாரா என்பதைக் கரையிலிருந்து வேறுபடுத்தி அறிதல் கடினம்.

ஹவாய்த் தீவுகளில் கடலில் மூழ்கி இறக்கும் உல்லாசப் பயணிகளுள் அதிகமானோர் இத்தகைய நீச்சலில் ஈடுபட்டிருந்தவர்களே. அங்கு மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு, குழாயினூடாகக் காற்றை வலிந்து இழுக்கும்போது நுரையீரலினுள் ஏற்படும் அழுத்தக் குறைவினால் உடலின் நீர்மமே நுரையீரலுள் கசியக்கூடும் எனச் சுட்டிக்காட்டியது. கடல் நீரை விழுங்காமலே மூச்சுத்திணறி, கைகால் வலுவிழக்கும் நிலை இது. ஒடுங்கிய குழாயும் உடலை வருத்தும் நீச்சலும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இருதய நோயுள்ளவர்கள் விசேடமாக அவதானமாயிருத்தல் வேண்டும். இடருக்குள்ளானவர்களில் கணிசமானோர் கால் நிலத்தில் பதியும் ஆழத்திலேயே இருந்தனர் என்பது கவனத்திற்குரியது. மூச்சு வாங்கத் தொடங்கியதும் குழாயை வாயிலிருந்து அகற்றி, மல்லாந்து மிதந்து, உதவி கேட்பதே செய்ய வேண்டியதாகும்.

கிழக்குக் கரைக்கேயுரிய இன்னொரு பொறியும் உண்டு. உல்லாசப் பயணிகள் அதிகம் வரும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கடல் கண்ணாடி போன்றிருக்கும். அக்காலத்தில் வீசும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதே இந்த அமைதிக்குக் காரணம். ஆனால் அதே காற்று மிதப்பவரையும் மெல்ல மெல்லக் கரையிலிருந்து அப்பால் தள்ளிச் செல்கின்றது. கீழே நோக்கிய கண்களுக்கு அது தெரிவதில்லை. தலையை உயர்த்திப் பார்க்கும்போதுதான் தீவு சிறுத்திருப்பது புலப்படும். மேலே கூறிய இளைஞருக்கு நேர்ந்ததும் இதுவே. நீந்தத் தெரிந்த அவர் காற்றை எதிர்த்து நீந்தியே களைத்துப்போயிருந்தார்.

இவ்வளவையும் கூறிய பின்னர் சுறாவுக்கு நாம் இழைப்பதையும் கூறாதிருக்க முடியாது. 2013 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டொன்றுக்குக் கொல்லப்படும் சுறாக்கள் ஏறத்தாழ பத்துக் கோடி. 58 நாடுகளின் 371 முருகைப்பாறைகளில் கமராக்களைப் பொருத்தி நடத்தப்பட்டு 2020 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பாறைகளில் ஒரு சுறாகூடத் தென்படவில்லை. நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா வறை சமைத்துக் கொடுக்காத யாழ்ப்பாணத்து வீடு எது? உண்பதைப் பாவமென்று கூற வரவில்லை. ஒரு சில குட்டிகளையே ஈனும் ஓர் இனம், இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களைப் போன்று விரைந்து பெருகுவதில்லை என்பதையே கூற விரும்புகின்றோம். திருகோணமலைக் கடலில் சட்டவிரோதமாக வெடிக்கும் டைனமைட்டோ மீனை மட்டுமன்றி மீன் வாழும் முருகைக்கல்லையும் தகர்த்துவிடுகின்றது.

எமது அயல்நாடான மாலைதீவு இதனை வேறுவிதமாகக் கணக்கிட்டது. 1990 களின் தொடக்கத்தில் அங்கு நடந்த ஆய்வொன்று, சுழியோடிகள் விரும்பிச் செல்லும் ஒரு பாறையில் உயிருடன் உலாவும் ஒரு சாம்பற் சுறா ஆண்டுக்கு ஏறத்தாழ 33,500 டொலர் வருமானத்தை ஈட்டித்தருவதாகவும், பிடித்து விற்றால் ஒரேயொரு தடவை 32 டொலர் மாத்திரமே கிடைப்பதாகவும் கண்டது. 2010 ஆம் ஆண்டு அந்நாடு தனது கடற்பரப்பு முழுவதிலும் சுறாப் பிடிப்பதற்குத் தடை விதித்தது. நிலாவெளியின் படகோட்டிகளுக்கு இக்கணக்கு விளங்காததன்று. சுறாவைக் காட்டுமாறு கேட்டுவரும் வெளிநாட்டவரால் அவர்களுள் பலரது வீட்டில் அடுப்பு எரிகின்றது.

புறாத்தீவுக்குச் செல்ல எண்ணியிருப்போர் காலை வேளையில், நீர் தெளிவாயிருக்கும்போது செல்வது நன்று. கரையில் அணிந்த உயிர்காப்பு அங்கியை மீண்டும் கரையேறும் வரை கழற்றலாகாது. தனியே நீந்தாது, ஒருவர் மீனைப் பார்க்கையில் மற்றவர் தலையை நீருக்கு மேலே வைத்திருத்தல் வேண்டும். படகோட்டி காட்டும் எல்லையைத் தாண்டுவதும் முருகைக்கல்லில் ஏறி நிற்பதும் கூடாது. சுறா எதிர்ப்பட்டால் துரத்தாமலும் அடித்துப் புரளாமலும் அசையாது மிதந்தவாறு பாருங்கள். அநேகமாக ஒரு நிமிடத்துக்கு மேல் அது உங்கள் கண்ணெதிரே நில்லாது.