உஷார்! மேட்டைத் தொடமாட்டோம் என்பார்கள்

குமரிக் கடலோரத்து மக்களே, மீன் வாங்கித் தின்னும் மற்ற ஊர்க்காரர்களே, கொஞ்சம் காது கொடுங்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே மூன்று ஆழ்கடல் வட்டாரங்களில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் உரிமை 2025-ல் ஓ.என்.ஜி.சி. கைக்குப் போய்விட்டது. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 27,000 சதுர கிலோமீட்டர். கேட்டால் சமாதானம் தயாராக இருக்கும்: வாட்ஜ் பேங்க் மேட்டில் யாரும் கை வைக்கவில்லை, துளைக்கப்போவது அதற்கு வெளியே ஆழத்தில்தான். இந்தப் பேச்சில் மயங்கிவிடாதீர்கள். மேட்டுக்குத் தீனி வருவதே வெளியே இருக்கும் ஆழ நீரிலிருந்துதான்.

வாட்ஜ் பேங்க் என்பது குமரி முனைக்குத் தெற்கே கடலுக்கடியில் கிடக்கும் மேட்டு நிலம். பரப்பு ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். ஆழம் பெரும்பாலும் 200 மீட்டருக்குள். அதைத் தாண்டினால் தரை சரிந்து எங்கோ போய்விடும். கணவாய், கலவா, பாறை, சூரை என்று குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் வந்திறங்கும் மீனுக்கு இந்த மேடும் இதைச் சுற்றிய கடலும்தான் முக்கிய ஆதாரம்.

இங்கே மட்டும் ஏன் இவ்வளவு மீன்? வெப்பமண்டலக் கடலில் வெயில் படும் மேல்நீர் சூடாகி மூடிபோலக் கிடக்கும். அந்த வெளிச்சத்தில் வளரும் தாவர மிதவைகள் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகிய உரங்களை எல்லாம் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். செத்தது, கழிந்தது எல்லாம் கீழே இறங்கி ஆழத்தில் மக்கும். வெளிச்சம் மேலே, உரம் கீழே. இரண்டும் சந்திக்காத கடல் கண்ணாடியாய்த் தெளிந்து, நீலமாய் மின்னும்; வலையை இழுத்தால் ஒன்றும் இருக்காது.

குமரி முனையில் கணக்கு வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டுத் தெற்கே விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப, மேட்டின் விளிம்புக்கு வெளியே கீழே கிடக்கும் குளிர்ந்த உரநீர் ஏறி வருகிறது. மேடு ஆழமில்லாததால் இன்னொரு லாபமும் உண்டு. இங்கே செத்து விழுவது பாதாளத்துக்குத் தொலைந்துபோகாமல் தரையிலேயே மக்கி, நீரோட்டம் கலக்கக் கலக்க மறுபடியும் வெளிச்சத்துக்கு வருகிறது. தாவர மிதவைகள் பெருகும். அவற்றைத் தின்று கோபிபாட் போன்ற விலங்கு மிதவைகள் பெருகும். அவற்றை நம்பிச் சாளையும் நெத்திலியும், அவற்றைத் துரத்திச் சூரையும். பல மீன்களின் முட்டையும் குஞ்சும் மிதப்பதும் இதே மேல்நீரில்தான்.

இப்போது எண்ணெய் தேடும் முறையைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் துளைக்கமாட்டார்கள். கப்பலுக்குப் பின்னால் காற்றுத் துப்பாக்கிகளைக் கட்டி இழுத்து, சில நொடிகளுக்கு ஒருமுறை வெடித்து, எதிரொலியை வைத்துக் கடலடியைப் படமெடுப்பார்கள். தாஸ்மேனியாவுக்கு அப்பால் ஒரே ஒரு துப்பாக்கியை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2017-ல் வெளியானது. 1.2 கிலோமீட்டர் தள்ளியும் விலங்கு மிதவைகள் செத்திருந்தன. கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரின் குஞ்சுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நார்வேயில் பிறகு செய்த சோதனையில் பாதிப்பு பத்து மீட்டருக்குள் அடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டில் எது நம் கடலுக்குப் பொருந்தும்? இங்கே சோதித்துப் பார்க்காமல் கப்பலை அனுப்புவது மீனவனின் மூலதனத்தை வைத்து அடுத்தவர் ஆடும் சூதாட்டம்.

துளைத்த பிறகு கசிந்தால்? 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் 1,500 மீட்டர் ஆழத்தில் வெடித்த கிணறு 87 நாள் எண்ணெயைக் கக்கியது. கிணறு எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் எண்ணெயில் கணிசமான பங்கு மேலே வரும், மிதவைகள் வாழும் அடுக்குக்கே வரும். அதுவும் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையோர நீரோட்டம் மிதப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு தெற்கே ஓடிவந்து, குமரியைச் சுற்றிக் கிழக்கே போகிறது. சந்தேகம் இருந்தால் 2025 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குக் கப்பல் மூழ்கிய சில நாட்களிலேயே அதன் பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கரையில் ஒதுங்கின.

அரசுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். 1976-ல் இந்தியாவும் இலங்கையும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், வாட்ஜ் பேங்க்கில் ஆறு இலங்கைக் கப்பல்கள் மூன்றாண்டு மீன்பிடிக்க அனுமதி தரப்பட்டது. கூடவே ஒரு நிபந்தனை: அங்கே எண்ணெய் தேட இந்தியா முடிவு செய்தால், அந்தப் பகுதியில் அவர்கள் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும். மீன்பிடிப்பும் எண்ணெய் தேடலும் ஒரே இடத்தில் நடக்காது என்பதை அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறார்கள். இதேபோன்ற மீன் மேடான ஜார்ஜஸ் பேங்க்கில் தன் பகுதியில் எண்ணெய்க்குத் துளைப்பதைக் கனடா 1988-லேயே தடுத்துவிட்டது.

நம்மிடம் கேட்டுவிட்டுத்தானே செய்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். 2020 ஜனவரியில் வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கை, ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஆக்கிவிட்டது. தண்டோராவும் இல்லை, கூட்டமும் இல்லை.

ஆகவே நாமாகத்தான் கேட்க வேண்டும். மூன்று வட்டாரங்களின் எல்லையையும் வாட்ஜ் பேங்க்கையும் ஒரே வரைபடத்தில் போட்டு, தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடச் சொல்லுங்கள். குமரிக் கடலின் மிதவைகள் மீது வெடியொலி என்ன செய்யும் என்று ஆராய்ந்து முடிக்கும்வரை கப்பல் வரக்கூடாது என்று கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த நிலையிலும் வரக்கூடாது. உங்கள் ஊர் கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அடுத்த பருவக்காற்றுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.