பதவி உயர்வுக்குப் பயந்து ஓடும் கான்ஸ்டபிள்

ஊர் மக்கள் கூடிப் பேசுகிறார்கள். பேச்சு முடியும்போது எல்லோருக்கும் ஒரே எண்ணம்: இனி நாம் குற்றம் செய்ய வேண்டும். இத்தனைக்கும் அந்த ஊரில் குற்றமே நடப்பதில்லை. அதனால்தான் பிரச்னையே. ‘இங்கே போலீஸ் எதற்கு?’ என்று மேலிடம் ஸ்டேஷனை மூடிவிட்டு, கான்ஸ்டபிள் ஹேமிஷ் மக்பெத்தை நகரத்துக்குத் தூக்கி அடித்துவிட்டது. அவரைத் திரும்ப வரவழைக்க வேண்டுமானால் குற்ற எண்ணிக்கை உயர வேண்டும். ஆகவே நல்ல குடும்பத்து மனிதர்கள் எல்லாம் சட்டத்தை மீறக் கிளம்புகிறார்கள்.

எம்.சி.பீட்டன் எழுதிய ‘டெத் ஆஃப் எ ஹஸி’ (1990) இப்படித்தான் தொடங்குகிறது. கொலை பிறகு வருகிறது. புத்தகத்தை மூடியபின் மனதில் நிற்பது கொலையல்ல, தங்கள் போலீஸ்காரரைப் பிரிய மனமில்லாத அந்த ஊர்தான்.

‘கோஸி மிஸ்டரி’ என்று உலகம் சொல்லும் மர்மக் கதைகளுக்குச் சில பழக்கங்கள் உண்டு. கொலை நடக்கும், ஆனால் ரத்தம் தெறிக்காது. ஊர் சின்னதாக இருக்கும், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கடைசியில் உண்மை வெளிவந்து, ஊர் பழைய நிலைக்குத் திரும்பும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. சின்ன ஊரில் எத்தனை பேரைத்தான் கொல்வது? ‘மர்டர், ஷி ரோட்’ தொலைக்காட்சித் தொடர் 1984 முதல் 1996 வரை ஓடியது. அதில் வரும் கபட் கோவ் என்ற கடலோரச் சிற்றூரில் பிணம் விழுந்துகொண்டே இருந்ததால், கதாநாயகி ஜெஸிக்காவுக்குப் பின்னாளில் நியூயார்க்கிலும் ஒரு வீடு பார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சுற்றுலா ஊராக இருந்தால் இந்தக் கவலை பாதி தீரும். ஒவ்வொரு சீசனுக்கும் புதுமுகங்கள் வருவார்கள். அவர்களோடு பணமும் வரும், பழைய பகையும் வரும். சாகிறவர் வெளியூர்க்காரர், சந்தேகத்துக்கு உரியவர்களும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களே. ஊருக்கோ கொலையும் வேண்டாம், அறைகளைக் காலி செய்துவிட்டு அவர்கள் ஓடுவதும் வேண்டாம். ஹேமிஷ் கதைகளின் சிரிப்பில் பெரும்பகுதி இந்தச் சங்கடத்திலிருந்துதான் பிறக்கிறது.

எம்.சி.பீட்டன் என்பது புனைபெயர். இயற்பெயர் மரியன் செஸ்னி. 1936இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். புத்தகக் கடையில் வேலை, பிறகு நாடக விமர்சனம், அதன்பின் செய்தித்தாளில் குற்றச்செய்தி நிருபர். அடிதடியையும் அழுக்கையும் நேரில் பார்த்த பெண், கத்தியும் ரத்தமும் இல்லாத கொலைக்கதைகளுக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே பல பெயர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் நாவல்களை எழுதித் தள்ளியிருந்தார். ஸ்காட்லாந்தின் வட முனையில் உள்ள சதர்லாந்துக்கு மீன்பிடி வகுப்பு ஒன்றுக்குப் போனபோதுதான் பொறி தட்டியது. பணம் கட்டித் தூண்டில் வீசக் கற்க வந்த அந்நியர்கள், ஒரே ஹோட்டல், சுற்றிலும் மலையும் ஏரியும். ஒரு மர்மக் கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1985இல் ஹேமிஷ் வரிசையின் முதல் புத்தகமான ‘டெத் ஆஃப் எ காசிப்’ வந்தது. ஹேமிஷின் ஊர் லொக்டூ என்ற கற்பனைக் கிராமம். அங்கே நடக்கும் மீன்பிடிப் பள்ளிக்கு லேடி ஜேன் வின்டர்ஸ் என்ற பெண்மணி வருகிறார். பத்திரிகையில் கிசுகிசு எழுதுவது அவர் தொழில். கூடப் படிக்கும் ஒவ்வொருவரின் பழைய ரகசியத்தையும் முன்கூட்டியே தோண்டி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் ஊசி ஏற்றுகிறார். அவர் செத்தபோது அழ ஆளில்லை. வாசகருக்கும் துக்கமில்லை. சிரிக்க மனம் இடம் கொடுப்பதற்கு இதுதான் காரணம். இந்தச் சூத்திரத்தைப் பீட்டன் பிற்காலத்தில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தினார் என்பது என் கருத்து. சாகப்போகிறவர் யாரென்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும் புத்தகங்களும் வரிசையில் உண்டு.

ஆனால் ஹேமிஷ் சலிப்பதில்லை. நெட்டையான, சிவப்பு முடிக்காரர். ஸ்டேஷனுக்குப் பின்னால் கோழியும் ஆடும் வளர்க்கிறார். யார் வீட்டிலாவது காபி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே ரோந்து போவார். சம்பளத்தில் ஒரு பகுதி பெற்றோருக்கும் தம்பி தங்கைகளுக்கும் போய்விடும். அவ்வப்போது ஆற்றில் ஒரு சால்மன் மீனைத் திருட்டுத்தனமாகப் பிடிப்பார். ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை தனிச் சொத்து. ஆனால் வீட்டுச் சமையலுக்கு ஒரு மீன் எடுப்பதை அந்த மலைநாட்டு மக்கள் பாவமாக நினைப்பதில்லை. கொலையைக் கண்டுபிடித்தால் பெருமை முழுவதையும் ஸ்ட்ராத்பேன் நகரத்து அதிகாரி பிளேருக்கு விட்டுக்கொடுப்பார். பெயர் வாங்கினால் பதவி உயர்வு வரும், பதவி உயர்வு வந்தால் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

இந்த இடத்தில் நமக்குத் தேவனின் துப்பறியும் சாம்பு நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சாம்பு அசட்டுத்தனமாக எதையோ செய்ய, குற்றவாளி தானாக வந்து மாட்டுவான், புகழ் சாம்புவைத் தேடி வரும். ஹேமிஷ் நேர் எதிர். அசடு போல நடந்துகொள்ளும் புத்திசாலி, புகழ் தேடி வந்தால் பின்வாசல் வழியே நழுவுகிறவர். சிரிப்பையும் துப்பறிதலையும் ஒரே ஆளுக்குள் வைத்துத் தைக்கும் கலை தேவன், பீட்டன் இரண்டு பேருக்கும் கைவந்தது.

ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்ற ஹேமிஷின் பிடிவாதத்தை வெறும் சோம்பேறித்தனம் என்று படிப்பவர்கள் உண்டு. என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. காரணம், கதை நடக்கும் மண். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதர்லாந்தின் நிலச்சுவான்தார்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டினார்கள். கூரைகள் கொளுத்தப்பட்டன. கடலோரத்துத் துண்டு நிலங்களில் ஒதுங்கியவர்கள் போக மற்றவர்கள் கனடாவுக்கும் பிற தேசங்களுக்கும் கப்பலேறினார்கள். அதன்பின் அந்த வட்டாரம் நிரம்பவே இல்லை. இன்றும் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த சதர்லாந்தில் வசிப்பவர்கள் சுமார் 13,000 பேர்தான். தாத்தாக்கள் துரத்தப்பட்ட ஊரில், ‘நான் போகமாட்டேன்’ என்று ஒருவன் சொல்வது சாதாரண வார்த்தை அல்ல. ஊர் முழுக்கக் குற்றவாளியாக மாறிக் காட்டுவதும் வெறும் வேடிக்கை அல்ல.

ஸ்டேஷனை மூடிவிடுவார்கள் என்ற பயம் கற்பனையும் இல்லை. 2013 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் எட்டுப் போலீஸ் படைகளும் ஒரே படையாக இணைக்கப்பட்டன. பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் பல மூடப்பட்டன. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பீட்டன் இதைத் தன் கதைகளின் நிரந்தரக் கவலையாக வைத்திருந்தார்.

சுற்றுலாவும் அப்படியே. கதையில் பணத்தை இழந்த கர்னல் ஹால்பர்ட்டன்-ஸ்மைத் தன் கோட்டை வீட்டை ஹோட்டலாக்குகிறார். விருந்தினரைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல், அவர்கள் வராவிட்டாலோ வயிற்றில் புளி கரைகிறது. நிஜத்தில் 2015இல் ‘நார்த் கோஸ்ட் 500’ என்ற பெயரில் இன்வெர்னஸிலிருந்து வட கடற்கரையைச் சுற்றிவரும் சுமார் 830 கிலோமீட்டர் சாலைப் பயணம் விளம்பரப்படுத்தப்பட்டது. கூட்டம் குவிந்தது. ஒரே வண்டி போகக்கூடிய சாலையில், எதிர்வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் இடத்தில் போய்ப் பெரிய வேன்களை நிறுத்திக்கொள்ளும் பயணிகளைப் பற்றி உள்ளூரில் அன்றாடம் புலம்பல். விடுதிக்காரர்களுக்கோ அதே பயணிகள்தான் சோறு.

1995 முதல் 1997 வரை பி.பி.சி. ஸ்காட்லாந்து ஹேமிஷ் கதையைத் தொடராக எடுத்தது. ராபர்ட் கார்லைல் நடித்தார். படப்பிடிப்பு பிளாக்டன் என்ற கடலோரக் கிராமத்தில். குளிர் தேசத்தில், கடல் நீரோட்டத்தின் வெதுவெதுப்பால் கரையோரம் பனை போன்ற மரங்கள் நிற்கும் அழகான ஊர். தொடர் முடிந்தும் ரசிகர்கள் ஹேமிஷின் ஸ்டேஷனைத் தேடி அங்கே வந்தார்கள். பயணிகளைக் கிண்டல் செய்த கதை பயணிகளைக் கூட்டிவந்தது. அந்தத் தொடர் பீட்டனுக்குப் பிடிக்கவில்லை. தன் ஹேமிஷ் வேறு ஆள் என்றார். புத்தகத்தைப் படித்தவர்கள் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

பீட்டன் 2019 டிசம்பரில் காலமானார். ஹேமிஷ் வரிசையில் 30க்கும் மேற்பட்ட புத்தகங்கள் உள்ளன. ஆர்.டபிள்யூ.கிரீன் என்பவர் இப்போது தொடர்கிறார். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. முதல் புத்தகத்தில் தொடங்கி, ‘டெத் ஆஃப் அன் அவுட்சைடர்’ (1988) படித்துவிட்டு ‘ஹஸி’க்கு வாருங்கள். 1988 புத்தகத்தில் கொலையுண்டவரின் உடலை லாப்ஸ்டர்கள் தின்றுவிடுகின்றன. அந்த லாப்ஸ்டர்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, பெரிய மனிதர்களின் தட்டுகளில் பரிமாறப்பட்டும் விடுகின்றன. இதை வெளியே சொல்லாமல் வழக்கை எப்படி முடிப்பது என்று அதிகாரிகள் தவிக்கும் பக்கங்களை, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் படிக்காதீர்கள்.