தாய்ப்பாலில் பாக்டீரியா... பயம் வேண்டாம்!

வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறி தென்மாவட்டங்களுக்குப் போகும் தாய்மார்களில் பலர், வழிக்கென்று பால் பவுடரும் ஃபீடிங் பாட்டிலும் எடுத்துவைக்கிறார்கள். அங்கே பாலூட்டும் அறை இருக்கிறது. தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015-லேயே இந்த அறைகள் திறக்கப்பட்டன. அதைப் பயன்படுத்த ஒரு காரணம், தாய்ப்பாலில் உள்ள நல்ல பாக்டீரியா!

எங்கிருந்து வருகிறது?

தாய்ப்பாலில் கிருமியே இருக்காது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2003-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், ஆரோக்கியமான தாய்மார்களின் பாலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களைக் கண்டறிந்தார்கள். தயிரை உறையவைக்கும் பாக்டீரியாக்களின் சொந்தக்காரர்கள் இவை.

அமெரிக்காவில் 107 தாய்-சேய் ஜோடிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. பெரும்பாலும் தாய்ப்பாலே குடித்த குழந்தைகளுக்கு, முதல் மாதத்தில் குடலில் இருந்த பாக்டீரியாக்களில் சுமார் 28 சதவிகிதம் பாலிலிருந்தும், 10 சதவிகிதம் மார்பகத் தோலிலிருந்தும் வந்திருந்தன.

அவற்றுக்கான சாப்பாடும் பாலிலேயே உண்டு. தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று பெருகி, அமிலத்தைச் சுரக்கின்றன. கெட்ட கிருமிகளுக்கு இடம் கிடைப்பதில்லை.

உயிர் காக்குமா?

ஒடிசா கிராமங்களில் தாய்ப்பால் குடித்த 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு நல்ல பாக்டீரியாவும் அதற்கான சர்க்கரையும் ஏழு நாள்கள் கூடுதலாகக் கொடுக்கப்பட்டன. ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தது மற்ற பிரிவில் 9 சதவிகிதம், இவர்களிடம் 5.4 சதவிகிதம். 2017-ல் வெளியான முடிவு இது. அதற்காக, மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

* பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டுங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள்.

* சேனை என்று தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஒரு வயதுவரை தேன் ஆபத்து.

* ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட தேவையில்லை.

* வேலைக்குப் போகும் தாய்மார்கள் எடுத்துவைத்த பாலைக் காய்ச்ச வேண்டாம். கிண்ணத்தோடு வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும்.

* பால் கட்டிக்கொண்டு வலித்தாலும் பாலூட்டுவதை நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

தாய்ப்பால் வங்கியில் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கிப் பாதுகாக்கிறார்கள். கெட்ட கிருமியோடு நல்லதும் அழிந்துவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தப் பால் பெரிய உதவிதான். ஆனாலும், முதலிடம் பெற்ற தாயின் பாலுக்கே!