உரிமையும் உரிமமும் உடைமையும்

துப்பாக்கி என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், மாணவருள் எவனாவது ஒருவன் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தை நினைவூட்டிச் சிரிப்பது வழக்கம். அங்கே வருவது உணவை ஆக்குதல் என்னும் பொருளுடைய தூய தமிழ்த் தொடர். நாம் கருவிக்கு வழங்கும் பெயரோ துருக்கி மொழியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. மலாய் மொழியில் வழங்கும் 'செனாப்பாங்' என்பதும் டச்சுக்காரர் விட்டுச் சென்ற சொல்லே. கருவியும் கடல் கடந்து வந்தது; பெயரும் கடல் கடந்து வந்தது.

ஆனால் அக்கருவியைப் பற்றிய சட்டத்தை விளக்குதற்கு வேண்டிய சொற்கள் நம்மிடமே உள்ளன. உரிமை, உரிமம், உடைமை என்னும் மூன்றுமே அவை. இம்மூன்றையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பெய்து பேசுதல் இன்று மிகுந்துவிட்டது. 'அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை வாங்கியிருக்கிறார்' என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்கிறேன். உரிமை வாங்கப்படும் பொருள் அன்று, வாங்கப்படுவது உரிமம். சொல்லில் நேரும் இக்குழப்பம் சொல்லோடு நின்றுவிடுமாயின் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என் பள்ளி அலுவலகத்திற்கு வந்து, "சார், என் மகன் யாரையும் சுடலையே, கூட்டாளி குடுத்த பையை ஒரு ராத்திரி வாங்கி வெச்சான், அவ்வளவுதானே? அது ஒரு குத்தமா?" என்று கேட்டார். என்னிடம் ஆறாண்டு படித்தவன் அவர் மகன். அக்கேள்விக்கு உரிய விடை இம்மூன்று சொற்களுக்குள்ளேதான் இருக்கிறது.

முதலில் உரிமை. அமெரிக்க நாட்டில் ஆயுதம் வைத்திருத்தல் குடிமக்களின் உரிமை என்று 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. அவ்வுரிமை தனி மனிதனுக்கும் உரியது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. நம் பிள்ளைகள் பார்க்கும் படங்களிற் பெரும்பாலன அங்கிருந்து வருவதால், கடைக்குச் சென்று துப்பாக்கி வாங்குதல் உலக வழக்கு என்றே அவர்கள் எண்ணுகின்றனர். நம் நாட்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பத்தாம் விதியில், குடிமக்கள் அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை உடையர் என்று காணப்படும். உரிமை என்பது கூடுதற்கே. ஆயுதத்திற்கு அங்கு இருப்பது 'இன்றி' என்னும் எதிர்மறைதான்.

இந்தியாவின் அரசியலமைப்பிலும் இதே தொடர் உண்டு. ஆயினும் அங்கே இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியன் உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியனுக்கோ விலக்கு உண்டு. இந்த இழிவு உறுத்தியதால், 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று தீர்மானித்தது. விடுதலை வந்து அரசியலமைப்பு எழுதப்பட்டபோது அவ்வுரிமை அதில் இடம் பெறவில்லை. ஆளப்படுவோராய் இருந்தபோது கேட்டதை ஆள்வோரானபின் வேண்டாமென விட்டுவிட்டனர். இதனை முரண்பாடு என்பாரும் உளர். முதிர்ச்சி என்பாரும் உளர். பிரிவினைக் காலக் குருதியைக் கண்டவர்கள் அவர்கள் என்பதை நினைத்தால், இரண்டாவது கூற்றையே நான் ஏற்பேன்.

அடுத்து உரிமம். உரிமை பிறப்போடு வருவது. உரிமம் ஒருவர் கொடுக்க மற்றொருவர் பெறுவது. கொடுத்தவர் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இதனை வழங்குபவர் மாநிலக் காவல்துறைத் தலைவர். கிள்ளானில் வாழ்பவர் சிலாங்கூர்த் தலைவருக்கும், பிரிக்பீல்ட்ஸில் வாழ்பவர் கோலாலம்பூர்த் தலைவருக்கும் விண்ணப்பிக்க வேண்டும். எதற்காக வேண்டும், யார் கேட்கிறார், அவருடைய முன்னாள் நடத்தை எத்தகையது என்பன ஆராயப்படும். கிடைக்கும் உரிமம் ஆளைச் சார்ந்தது; தந்தையின் உரிமத்தைக் கொண்டு மகன் துப்பாக்கியைத் தொடுதல் இயலாது.

கடைக்காரர் நிலையும் இதுவே. துப்பாக்கி விற்பவர்க்கும் தனி உரிமம் வேண்டும். அரிசிக் கடையில் பணத்தை நீட்டினால் பொருள் வரும். இங்கே பணத்திற்கு முன் தாளை நீட்ட வேண்டும். உரிமம் உடையவனுக்கே விற்கலாம். விற்றதற்குக் கணக்கு எழுதி வைத்தல் வேண்டும். ஆதலின் இந்நாட்டில் துப்பாக்கி வாணிகம் என்பது மிகக் குறுகிய வாணிகம். வாங்குவோர் தொகையைத் தேவை மட்டும் முடிவு செய்வதில்லை, காவல்துறையின் கையெழுத்தும் சேர்ந்தே முடிவு செய்கிறது. நான் சிறுவனாய் இருந்த தோட்டத்தில் காட்டுப் பன்றி விரட்ட ஒரே ஒரு வேட்டைத் துப்பாக்கி உண்டு. அது துரை பங்களாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதனைக் கண்டவர் சிலர். தொட்டவர் எவரும் இலர். லயத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அது ஆயுதமாகத் தோன்றவில்லை. துரைத்தனத்தின் அடையாளமாகவே தோன்றியது. 1941 மே மாதம் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது படையினர் சுட்டதில் ஐவர் மாண்டதை எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருந்தோம். துப்பாக்கி யார் பக்கம் இருக்கும் என்பதில் எங்களுக்கு ஐயம் இருந்ததில்லை.

இனி உடைமை. இச்சொல்லில்தான் உயிர்கள் தொங்கியிருக்கின்றன.

1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த இரு நாட்களில் நாடு முழுமைக்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் விதிகளுள் ஒன்று, சட்டப்படியான அதிகாரமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவனுக்குத் தூக்கு என்றது. சுட்டானா, சுட எண்ணினானா என்னும் கேள்விகள் அதில் இல்லை. வைத்திருந்தான் என்பதே போதும். பாதுகாப்புப் படை சூழ்ந்த காட்டில் எதிரியைக் கண்டறிய அரசுக்கு அது எளிய அளவுகோல். எளிய அளவுகோலில் அகப்படுபவர் எல்லாரும் ஒரே தன்மையர் அல்லர் என்பதுதான் தொல்லை.

தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயாவுக்கு வந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராய் இருந்தவர். அச்சம்மேளனம் 1948இல் தடைப்பட்டது. 1949 மார்ச் 1ஆம் நாள், ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தருகே கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் அவரிடம் இருக்கக் கண்டு கைது செய்தனர். கண்டெடுத்த துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே கொண்டு சென்றார் என்பது அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இந்திய அரசு இடையிட்டுப் பேசியும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள்தான் அவருடைய தோழரான தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கைதுக்கும் தூக்குக்கும் இடையே 64 நாட்கள். கணபதியின் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் உண்டு. நான் கேட்பது அதனை அன்று. ஒப்படைக்கச் செல்பவன் கையிலும் துப்பாக்கி இருக்கத்தானே வேண்டும்? அவன் நெஞ்சில் இருந்ததை ஆராய 64 நாட்கள் போதுமா?

இக்கேள்வி வெறும் உணர்ச்சியால் எழுவதன்று என்பதற்கு அதே விதியின்கீழ் நடந்த மற்றொரு தமிழர் வழக்கே சான்று. 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம் என்பவர்மீது இரு குற்றச்சாட்டுகள் இருந்தன. துப்பாக்கி வைத்திருந்தது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. தோட்டா வழக்கில் அவர் விடுதலையானார். துப்பாக்கி வழக்கை மீண்டும் விசாரித்தனர். அவ்விசாரணையில், இரண்டையும் வைத்திருந்ததாக அவரே சொன்னதாகக் கூறப்பட்ட வாக்குமூலம் ஒன்றை அரசுத் தரப்பு பயன்படுத்தியது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் மக்டெர்மட் பிரபு அளித்த தீர்ப்பு தண்டனையை நீக்கியது. தோட்டா வைத்திருக்கவில்லை என்று ஒரு நீதிமன்றம் முடிவு செய்தபின், அம்முடிவு அவர் மீதான பின்னைய நடவடிக்கைகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும். வாக்குமூலத்தின் ஒரு பாதி பொய்யென்று ஆகிவிட்ட நிலையில் மறுபாதியை மட்டும் நம்பித் தூக்கிலிடுதல் முறையாகாது என்பது அதன் சாரம். பிற நாட்டு நீதிமன்றங்களும் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டி வருகின்றன. சாம்பசிவம் தப்பியது துப்பாக்கி இல்லை என்று நிறுவியதால் அன்று. விசாரணையில் நேர்ந்த பிழையைக் காட்டக் காலமும் மேல்மன்றமும் கிடைத்தமையால்.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுற்றது. ஆயுதச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. அதன்படி உரிமமின்றி வைத்திருந்தால் ஏழாண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். தூக்கு போயிற்று என்று மகிழ வேண்டா. அதே 1960இல் பிறந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்றது. 1969 மே கலவரத்தின்போது நாடு முழுவதுமே அத்தகைய பகுதியாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பின் நிழலில் 1977இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது கருணையால் நீங்கியது. பதினான்கு வயது என்றால் நம் ஆறாம் ஆண்டு மாணவனை விட இரண்டு வயது மூத்தவன். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல்தான் நீக்கப்பட்டது.

இடையில், கோலாலம்பூரில் கொள்ளைகள் பெருகிய 1971இல், துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை மிகுவிக்கும் சட்டம் ஒன்று வந்தது. இன்று நாளிதழ்களில் நாம் படிக்கும் வழக்குகளிற் பல இதன் கீழன. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் பதினான்கு ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத ரோத்தான் அடியும் உண்டு. இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் ஒருவனிடம் இருந்தால் அவன் அவற்றைக் கடத்துபவன் என்றே கொள்ளப்படும். அல்லன் என்று காட்டுவது அவன் பொறுப்பு. துப்பாக்கி ஏந்தியவன் என்று அறிந்தே அவனோடு கூடித் திரிவதும் குற்றம். கொள்ளை முதலிய குற்றங்களின்போது சுட்டால், ஒருவருக்கும் காயமில்லை எனினும், தூக்கு ஒன்றே தண்டனையாய் இருந்தது. 2023 ஜூலை முதல் இக்கட்டாயம் நீங்கியது. தூக்கா, முப்பது முதல் நாற்பது ஆண்டு வரையான சிறையும் பிரம்படியுமா என்று நீதிபதி இப்போது தேர்ந்துகொள்ளலாம். கணபதிக்குக் கிடைக்காத அந்த இடைவெளி, எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் சட்டத்திற்குள் சிறிது நுழைந்திருக்கிறது.

இத்துணைக் கடுமை இருந்தும் துப்பாக்கி ஒழிந்ததா என்று கேட்பர். 2024 ஏப்ரலில் நம் பன்னாட்டு விமான நிலையத்திலேயே ஒருவன் சுட்டான். உரிமம் இன்றிக் கள்ள வழியில் வரும் துப்பாக்கியைக் கடைச்சட்டம் தடுக்காது என்பது உண்மை. எனினும் குடும்பச் சண்டையிலும் சாலைச் சண்டையிலும் கைக்கெட்டும் தொலைவில் துப்பாக்கி இல்லாமையால் நம் குடியிருப்புகளில் தப்பிய உயிர்களைக் கணக்கெடுப்பார் இல்லை. குறுகிய உரிமத்தை நான் ஆதரிப்பவன். அகன்ற தூக்கை ஆதரிப்பவன் அல்லன்.

தாயின் கேள்விக்கு வருவோம். தமிழில் உடைமை என்றால் சொந்தப் பொருள் என்று கொள்கிறோம். சட்டம் சொல்லும் உடைமை அதுவன்று. பொருள் பிறனுடையதாய் இருக்கலாம்; அஃது உன் காவலில், நீ நினைத்தபடி கையாளத்தக்க நிலையில் இருந்தால் அது உன் உடைமை. 1956இல் நீதிபதி தாம்சன் ஒரு சூதாட்டச் சீட்டு வழக்கில் இதனை வகுத்துக் கூறினார். அவ்விளக்கமே இன்றும் நம் நீதிமன்றங்களில் வழங்குகிறது. ஆனால் காவலோடு அறிவும் சேர வேண்டும். பைக்குள் இருப்பது இன்னதென்று அவன் அறிந்திருந்தானா என்பதே வழக்கின் உயிர்நிலை. அறிவு கண்ணுக்குப் புலப்படாது. பையின் கனம், வாங்கிய நேரம், ஒளித்த இடம், கேட்டபோது சொன்ன மறுமொழி ஆகியவற்றிலிருந்தே அது ஊகிக்கப்படும். ஆகவே, "வாங்கி வைத்தது குற்றமாகலாம், அம்மா, தெரிந்து வைத்தானா என்பதைப் பொறுத்தது" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

அன்று முதல் எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு நன்னெறிப் பாடத்தில் இதற்கு ஒரு வேளை ஒதுக்குகிறேன். உண்மைத் துப்பாக்கி போலத் தோன்றும் போலி ஆயுதத்தை வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறையோ 5,000 வெள்ளி வரை அபராதமோ உண்டு என்று ஆயுதச் சட்டம் கூறுவதை அப்போது சொல்வேன். தீபாவளிக்கு வாங்கும் பொட்டு வெடித் துப்பாக்கி இதில் சேருமா என்று உடனே கேட்பார்கள். செந்நிறமும் மஞ்சள் நிறமுமாய் விளையாட்டுப் பொருளென்று குருடனுக்கும் தெரிவது வேறு, இரவில் காட்டினால் காவலரே ஏமாறத்தக்கது வேறு என்று விளக்க வேண்டியிருக்கிறது. பிறகு ஒரு பையை மேசைமேல் வைத்து, 'இது யாருடையது?' என்று கேட்பேன். தமிழில் யாருடையது என்பதற்கு ஒரு விடையும், சட்டத்தில் ஒரு விடையும் வரும்.

கோலாலம்பூர் செல்லும் மாணவர் சுற்றுலாவில் புடு சிறை இருந்த இடத்தைக் காட்டுவதுண்டு. சிறையை இடித்து அங்கே பேரங்காடி எழுப்பிவிட்டனர். பழைய வாயில் மட்டும் நிற்கிறது. பிள்ளைகள் அங்காடியையே பார்க்கிறார்கள், அதில் தவறில்லை.

அந்தத் தாய் அன்று கேட்டு வந்தது நன்னடத்தைச் சான்றிதழ். மகனை ஆறாண்டு அறிவேன், பொய் சொன்னதாக என் பதிவேட்டில் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. எட்டு மாதம் காவலில் இருந்தபின், அவனுக்கு அறிவு இருந்தமை நிறுவப்படவில்லை என்று நீதிமன்றம் அவனை விடுவித்தது. பையைக் கொடுத்தவன் இன்னும் அகப்படவில்லை.