வல்தாவா நதிக்கரையில் ஒரு நாள்

ஐரோப்பா போய்வந்த நம்மவர்களைக் கேட்டால் லண்டன், பாரிஸ், ரோம் என்று வரிசையாகச் சொல்வார்கள். செக் நாட்டின் தலைநகரான பிராக் அந்த வரிசையில் அபூர்வமாகத்தான் இடம்பெறும். வல்தாவா என்ற ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த இந்தப் பழைய நகரம் இரண்டாம் உலகப் போரில் பெரும் சேதமின்றித் தப்பியது. அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தெருக்களில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். எனக்கு அங்கே கிடைத்தது ஒரே ஒரு நாள். கட்டடங்களைவிட அந்த ஊரின் மொழிக்கு நேர்ந்த கதைதான் மனதில் அதிகமாகத் தங்கியது. தமிழகத்துக்கு வெளியே குடும்பம் நடத்தும் நமக்கு அதில் ஒரு சேதி இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் மகன் வேலை நிமித்தமாக ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் இருக்கிறான். 2024 மே மாதம் நானும் என் மனைவியும் கொல்கத்தாவிலிருந்து அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். ட்ரெஸ்டனிலிருந்து பிராக் நகருக்கு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் பெரும்பகுதி எல்பா ஆறு கூடவே வருகிறது. அந்த எல்பாவில் வந்து கலப்பதுதான் வல்தாவா.

கூட்டத்தோடு கொடி பிடித்துக்கொண்டு ஓடும் சுற்றுலா எங்கள் வயதுக்கு ஒத்துவராது என்று, மகன் எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தான். அறுபதைக் கடந்த அம்மையார். பள்ளியில் சரித்திர ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கொல்கத்தாவாசிகள் என்று கேட்டதும் முகம் மலர்ந்து, “இங்கே தாகூர் பெயரில் ஒரு தெருவும் அவருக்கு ஒரு சிலையும் உண்டு, தெரியுமா?” என்றார். ரவீந்திரநாதர் 1921-லும் 1926-லும் பிராக் வந்திருக்கிறார். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த எங்கள் மருமகளுக்கு அதைக் கேட்டுப் பெருமை தாங்கவில்லை.

முதலில் ட்ராம் ஏறி மேட்டின் மேலிருக்கும் கோட்டைக்குப் போனோம். நம் கொல்கத்தாவில் ட்ராம் அருகிவிட்ட இந்தக் காலத்தில், அங்கே அது நிமிடம் பிசகாமல் மேடேறுவதைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. கோட்டைக்குள் நடுநாயகமாக நிற்பது புனித விட்டு தேவாலயம். 1344-இல் தொடங்கிய வேலை 1929-இல்தான் முடிந்தது. 585 ஆண்டுகள்! போர், பணமுடை, ஆட்சி மாற்றம் என்று நின்று நின்று நடந்திருக்கிறது. “அஸ்திவாரம் போட்டவன் கோபுரத்தைப் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தேதான் போட்டான்” என்றார் அம்மையார். இதே கோட்டைதான் இப்போது செக் குடியரசுத் தலைவரின் அலுவலகம்.

கோட்டையிலிருந்து இறக்கமான தெரு வழியாக நடந்து ஆற்றங்கரைக்கு வந்தோம். தெருவெல்லாம் கருங்கல் பாவிய தரை. என் மனைவியின் முழங்கால் இரண்டு இடங்களில் முரண்டு பிடித்தது. இரண்டு இடத்திலும் அம்மையார் ஒரு திண்ணையைக் காட்டி உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லாமல் அந்த வீட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தனி வழிகாட்டியின் பலன் இதுதான். நம் கால் சொல்கிற வேகத்தில் ஊரைப் பார்க்கலாம்.

சார்லஸ் பாலத்தை நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ 516 மீட்டர் நீளம், பதினாறு வளைவுகள், இருபுறமும் முப்பது சிலைகள். 1841 வரை இந்த ஊரில் ஆற்றைக் கடக்க இது ஒன்றுதான் பாலம். சுண்ணாம்புக் கலவை உறுதியாக இருக்க ஊர் ஊராக முட்டை கேட்டு வாங்கினார்களாம். வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடையக் கூடாதே என்று வேகவைத்து அனுப்பினார்களாம். இதைக் கேட்டு எங்கள் பத்து வயதுப் பேத்தி சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த இரண்டு ஜப்பானியர்களும் சிரித்தார்கள்.

பாலத்தின் நடுவில் நின்றபோது அம்மையார் பேத்தியிடம் தன் குறிப்பேட்டை நீட்டி, “உன் பெயரை உங்கள் பாஷையில் எழுதிக் காட்டு. நான் தமிழ் எழுத்தைப் பார்த்ததே இல்லை” என்றார். குழந்தை பேனாவை வாங்கி, அழகான கையெழுத்தில், ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் எழுதுவது போலவே எழுதினாள். “இது எங்கள் எழுத்துதானே?” என்று அம்மையார் வாய்விட்டுக் கேட்கவில்லை. குழந்தையின் தலையைத் தடவிவிட்டு ஏட்டை வாங்கிக்கொண்டார். வீட்டில் அவள் பேசுவதெல்லாம் தமிழ்தான். எழுத்துதான் இல்லை. நாங்கள் நால்வரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாலத்தைத் தாண்டினால் பழைய நகரச் சதுக்கம். 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இங்கேதான் இருக்கிறது. மணிக்கு ஒருமுறை மேலே இரண்டு சிறு ஜன்னல்கள் திறந்து அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாகப் போகின்றன. கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மையார் எங்களைத் தரையைப் பார்க்கச் சொன்னார். கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1620-இல் வெள்ளை மலை என்ற இடத்தில் நடந்த போரில் பொஹிமியர்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் தோற்றார்கள். மறு ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேருக்கு இந்தச் சதுக்கத்தில் மரண தண்டனை நிறைவேறியது.

மொழியின் கதை அங்கிருந்துதான் ஆரம்பம். தோல்விக்குப் பிறகு ஜெர்மன் மொழி செக் மொழிக்குச் சமமான அரசு மொழியாக உள்ளே வந்தது. மெல்ல மெல்ல மேலே ஏறியது. 1780-களில் பேரரசர் இரண்டாம் ஜோசப் காலத்தில் நிர்வாகமும் உயர்கல்வியும் ஜெர்மனுக்கே போயின. படித்தவர்களும் வசதி உள்ளவர்களும் வீட்டிலும் ஜெர்மன் பேசினார்கள். செக் என்பது சமையற்காரியும் வண்டிக்காரனும் பேசுகிற மொழி என்றாயிற்று. செக் இலக்கணத்தை ஆராய்ந்த டோப்ரோவ்ஸ்கி என்ற பேரறிஞரே தம் இலக்கண நூலை 1809-இல் ஜெர்மனில்தான் வெளியிட்டார்.

மதியச் சாப்பாட்டின்போது இந்தக் கதை தொடர்ந்தது. சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பிளம் பழத்தை மாவுக்குள் வைத்து வேகவைத்து, மேலே வெண்ணெயும் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். கிட்டத்தட்ட நம் பூரணக் கொழுக்கட்டைதான். ஆனால் மாவில் முட்டை சேர்ப்பது உண்டு, விசாரித்துச் சாப்பிடுங்கள். செலவுக்கு யூரோவை நம்பிப் போகாதீர்கள். அவர்கள் நாணயம் கொரூனா. காலுக்குச் செருப்பு போதாது, நல்ல ஷூ வேண்டும்.

பிற்பகல் யூதர் பகுதி. பழைய யூதர் கல்லறையில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாகப் புதைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பின்காஸ் தொழுகைக்கூடம். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் அதன் சுவர்களில் கையால் எழுதப்பட்டுள்ளன. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கூடத்தை மூடிவிட்டதில் எழுத்துகள் அழிந்துபோக, 1990-களில் மறுபடியும் உட்கார்ந்து எழுதினார்களாம். வெளியே வந்ததும் அம்மையார் சொன்னதை அப்படியே தருகிறேன்: “இந்த ஊரில் மூன்று அடுப்புகள் எரிந்தன. செக், ஜெர்மன், யூதர். யூதர்களை ஹிட்லர் அழித்தான். 1945-க்குப் பிறகு ஜெர்மன் பேசிய சுமார் முப்பது லட்சம் பேரை நாங்கள் நாட்டைவிட்டு அனுப்பினோம். எங்கள் மொழியை நாங்கள் மீட்டது பெருமை. அடுத்தவர் அடுப்பை அணைத்தது பெருமையில்லை.” சொந்த ஊரைப் பற்றி விருந்தாளியிடம் இவ்வளவு நேராகப் பேசுகிறவர்கள் குறைவு. இந்த ஊரில் 1883-இல் பிறந்து உலகப் புகழ் பெற்ற காஃப்கா என்ற யூத எழுத்தாளர் எழுதியது ஜெர்மன் மொழியில் என்பதையும் அவர்தான் நினைவூட்டினார்.

அங்கிருந்து சில நிமிட நடையில், ஆற்றங்கரையிலேயே, 1348-இல் நிறுவிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். இந்த இடத்தில் மட்டும் நான் வழிகாட்டியானேன். பிராக்கில் 1927-இல் பிறந்த கமில் சுவலபில் இதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். தமிழ்க் குடும்பமே இல்லாத ஊரிலிருந்து தமிழைக் கற்று, தமிழ் இலக்கியத்தை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர். 1968-இல் சோவியத் படை நுழைந்த பிறகு அவர் நாட்டில் இருக்க முடியாமல் போயிற்று. அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் கற்பித்து, 2009-இல் பிரான்சில் காலமானார். முருகனின் புன்னகையைத் தலைப்பாக வைத்துத் தமிழ் இலக்கியம் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1973-இல் வந்தது. அவருக்குப் பின் யாரோஸ்லாவ் வாச்செக் என்ற பேராசிரியர் இங்கே தமிழ் கற்பித்தார். இதையெல்லாம் சொன்னதும் அம்மையார் குறிப்பேட்டை எடுத்து இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டார். “அடுத்த முறை இந்தியர்கள் வந்தால் சொல்வேன்” என்றார்.

மாலையில் யுங்மன் சதுக்கம். நடுவே நாற்காலியில் அமர்ந்த கோலத்தில் ஒரு பெரியவரின் சிலை. யோசெஃப் யுங்மன் படைத்தலைவர் அல்லர், பள்ளி ஆசிரியர். செக் மொழியில் உயர்ந்த கவிதை வராது என்று ஊர் சொன்னபோது, மில்டனின் மகாகாவியத்தை 1811-இல் செக்கில் பெயர்த்துக் காட்டினார். பிறகு 1830-களில் ஐந்து பெரிய தொகுதிகளாகச் செக்–ஜெர்மன் அகராதியை வெளியிட்டார். வழக்கொழிந்த சொற்களைத் தேடி எடுத்தார்; இல்லாத சொற்களுக்குப் போலிஷ், ரஷ்ய மொழிகளின் உதவியை நாடினார்.

கடைசியாகத் தேசிய நாடகசாலை. செக் மொழிக்கென்று ஓர் அரங்கம் வேண்டும் என்று ஊர் ஊராக நிதி திரட்டிக் கட்டியது. 1868-இல் அடிக்கல், 1881 ஜூனில் திறப்பு. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 12-ஆம் தேதி, தீப்பிடித்து எரிந்தது. மறுபடி உண்டியல் ஏந்தினார்கள். 47 நாட்களில் பத்து லட்சம் கில்டன் சேர்ந்தது. 1883 நவம்பரில் மீண்டும் திறந்தார்கள். மேடைக்கு மேலே பொன்னெழுத்தில், மக்கள் தமக்குத் தாமே தந்துகொண்டது என்ற பொருளில் இரண்டே சொற்கள். அஸ்திவாரக் கற்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தவை. அவற்றோடு சிகாகோவில் குடியேறிய செக்குகள் அனுப்பிய கல்லும் இருக்கிறது. இரத்தம் இணைத்ததைக் கடல் பிரிக்காது என்ற கருத்தை அதில் பொறித்திருக்கிறார்கள்.

திறப்பு விழாவில் அரங்கேறியது ஸ்மெதனாவின் இசை நாடகம். இந்த ஆற்றின் பெயரிலேயே இசை அமைத்தவர் அவர். அதை அமைத்த 1874-ஆம் ஆண்டில்தான் அவர் செவிப்புலன் முற்றிலும் போனது. செக் நாட்டின் தேசிய இசையமைப்பாளர் என்று கொண்டாடப்படும் ஸ்மெதனா படித்ததெல்லாம் ஜெர்மனில். நாட்குறிப்பும் ஜெர்மனில். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தாய்நாட்டு மொழியை முறையாக எழுதப் பழகினார். ஆரம்பத்தில் அவர் எழுதிய செக் கடிதங்களில் பிழை மலிந்திருக்கும் என்றார் அம்மையார்.

இதைக் கேட்டதும் எங்கள் மருமகள் மெதுவாக, “அப்போ எனக்கும் ஒண்ணும் வயசாகிடலே, மாமா” என்றாள். எனக்குப் புரிந்தது. அவள் லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் சரளமாகப் பேசுவாள், வங்காளம் எழுதப் படிக்க வல்லவள். தமிழ் எழுத்து மட்டும் யாரும் கற்றுத் தரவில்லை. தனக்கே தெரியாததை மகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்ற தவிப்பை அவள் இதுவரை வாய்திறந்து சொன்னதில்லை. என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கே ஆரம்பிக்கலாம்மா, நான் சொல்லித் தரேன்” என்றாள்.

சொன்னபடி மறுநாள் காலை ட்ரெஸ்டன் வீட்டு உணவு மேஜையில் ‘அ’ தொடங்கியது. தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். ‘ழ’ எழுதுவதில் மகள் முந்தினாள், ‘ஞ’வில் தாய். நாங்கள் ஊர் திரும்பிய பிறகும் ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் பாடம் தொடர்கிறது. இப்போது இருவரும் இந்தப் பத்திரிகையின் தலைப்புகளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கங்களில் தமிழ் வகுப்பு என்றால் குழந்தைகளை வாசலில் இறக்கிவிட்டுப் பெற்றோர் கிளம்பிவிடுவது வழக்கம். தமிழ் எழுத்து அறியாத இளம் பெற்றோர் நம்மிடையே நிறைய. கூச்சத்தால் அவர்கள் கேட்பதில்லை. அடுத்த வாரம் வகுப்பறையில் அவர்களுக்கும் ஒரு பெஞ்சு போட்டு, ஒரு சிலேட்டும் வைத்துவிட்டு, உள்ளே வாருங்கள் என்று நாம்தான் கூப்பிட வேண்டும்.