மோதுவது நட்சத்திரம் அல்ல, வாயு

ரெண்டு கேலக்ஸிகள் மோதினால் எத்தனை நட்சத்திரங்கள் உடையும்? அநேகமா ஒண்ணுகூட இல்லை. சூரியனை 2 மி.மீ. கடுகாகச் சுருக்கி அம்பத்தூர் ஸ்டேஷனில் வையுங்க. அடுத்த நட்சத்திரம் சுமார் 58 கி.மீ. தள்ளி, அரக்கோணத்தையும் தாண்டி இருக்கும். இவ்வளவு இடைவெளியில் கடுகும் கடுகும் எங்கே முட்டிக்கிறது?

மோதுறது வாயு மேகங்கள்தான். ஒவ்வொன்றும் பல பத்து ஒளியாண்டு அகலம். ஒன்றுக்குள் ஒன்று நழுவிப் போக முடியாது. நசுங்கி, அழுத்தம் எகிறும். சாதாரண மேகத்தில் கொஞ்சம் வாயுதான் நட்சத்திரமாகும். புதுசாப் பிறந்த பெரிய நட்சத்திரங்களின் வெப்பமும் காற்றும் மிச்சத்தை ஊதிக் கலைத்துவிடும். அழுத்தம் அதிகமான இடத்தில், கலைவதற்குள் பெரும்பகுதி நட்சத்திரமாகிவிடுகிறது. தங்கள் ஈர்ப்பாலேயே கட்டுண்ட அந்தக் கூட்டம்தான் விண்மீன் கொத்து. ஆன்டெனா கேலக்ஸிகளின் மோதலில் ஹப்பிள் தொலைநோக்கி இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் கொத்துகளைக் கண்டது.

நம்ம ஊர்க் கதையும் உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அஸ்ட்ரோசாட்டில், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தலைமையில் உருவான புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறது. அது கும்ப ராசித் திசையில், 20 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள என்.ஜி.சி. 7252-ஐப் பார்த்தது. ரெண்டு கேலக்ஸிகள் இணைந்து ஒன்றான இடம் அது. மையத்தைச் சுற்றி, சுமார் 10,000 ஒளியாண்டு ஆரத்தில் ஒரு நீல வளையம் தெரிந்தது. 2018-ல் ஆய்வு வெளியானது. நீலம்னா இளமை: சூடான நீல நட்சத்திரங்கள் சீக்கிரம் செத்துப்போகும். அதனால நிறத்தை வைத்தே வயதைக் கணிக்கலாம். வளையம் கேலக்ஸியின் மற்ற பகுதிகளைவிட இளையது. அதாவது, இணைப்பு முடிந்த பிறகும் பிறப்பு நிற்கவில்லை.

அதே கேலக்ஸியில் டபிள்யூ 3 என்றொரு கொத்து: எடை சுமார் 8 கோடி சூரியன்கள், வயது சில பத்து கோடி ஆண்டுகள். பெரும்பாலான கொத்துகள் சின்ன வயதிலேயே சிதறிவிடும். இதுபோல அடர்ந்தவை தங்கும். மோதல் எப்போது நடந்தது என்பதற்குச் சாட்சி சொல்லும்.

நம்ம பால்வெளியிலும் அப்படி ஒரு பழைய சாட்சி இருக்கு. ஒமேகா சென்டாரி, பால்வெளி விழுங்கிய ஒரு சிறு கேலக்ஸியின் மையமா இருக்கலாம் என்பது பலரின் கருத்து. மே மாதம் இரவு 10 மணி வாக்கில், தெற்கே சுமார் 30 டிகிரி உயரத்தில் பைனாகுலரில் தேடுங்க. எஸ்டேட் வெளிச்சம் தாண்டி, திருவள்ளூர் பக்கம் போனால் இன்னும் நல்லது.