உங்களுக்குத் தெரியுமா? முன்பின் தெரியாதவருக்குக் கணினியைத் திறந்துவிடும் வலை!

ஊட்டி அருகே முத்தோரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியது டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அதே நிறுவனத்தின் மும்பைக் கணினிகள், ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவுகளை அலசும் உலகக் கணினி வலையிலும் பங்காளி.

• இந்த வலையில் 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் சுமார் 170 மையங்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முதலாளி கிடையாது.

• யாரோ அனுப்பும் கணக்கீட்டு வேலையை எப்படி நம்புவது? அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று ஆளைச் சரிபார்த்து மின் சான்றிதழ் தரும். இந்தியாவில் இந்தப் பொறுப்பை ஏற்றது கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக்.

• வேலையோடு அந்தச் சான்றிதழின் அசல் மின் சாவி பயணப்படாது. வழக்கமாக 12 மணி நேரமே செல்லும் தற்காலிகச் சான்றுதான் போகும். களவுபோனாலும் சேதம் குறைவு. இப்போது அந்த இடத்தை டோக்கன்கள் எனும் மின் அனுமதிச் சீட்டுகள் பிடித்துவருகின்றன.

• அசல் சாவியே பறிபோனால், சான்றிதழ் ரத்துப் பட்டியலில் ஏறும். மையங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கதவடைக்கும்.

• மையங்களும் நம்பகமாக இயங்க வேண்டும்; அதற்கு வாய்ச்சொல் மட்டும் போதாது. மும்பை, கொல்கத்தா போன்ற மையங்கள் சராசரியாக 95% நேரம் இயங்க வேண்டும் என்று இந்த வலையின் ஒப்பந்தமே சொல்கிறது.